முதலில் பேசியவர்

அந்த ஊரில் உளவியலாளர்கள் எல்லோரும் மனிதர்களிடம்தான் வேலையை ஆரம்பிப்பார்கள். கை தேர்ந்ததும் கட்டடங்களுக்கு மாற்றுவார்கள். கட்டடத்தில் பேர் வாங்கியவர்கள் கடைசியில் மழைக்குப் போவார்கள். அங்கிருந்து யாரும் ஓய்வு பெற்றதில்லை.

அமலோற்பவம் மனிதர்கள் பிரிவிலேயே தலை நரைத்துப்போனவள். மாமியார்களையும் மருமகள்களையும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஒரு கட்டடம் மனசுக்குள் என்னதான் வைத்திருக்கும் என்று தெரிந்துகொள்ளாமல் கண்ணை மூடக் கூடாது என்று இருந்தாள். அந்தச் சமயம் பார்த்து நாலாவது வார்டு தண்ணீர்த் தொட்டி, வயிறு நிறைய வைத்துக்கொண்டு, சொட்டுக்கூட இறக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. மேலதிகாரி ஜமால்தீன் அவளைக் கூப்பிட்டார்.

"இதைப் பேச வச்சிட்டா கட்டடப் பிரிவு உங்களுக்குத்தான். இல்லேன்னா மறுபடி மாமியார் மருமகள். விதி ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு சார். முதல்ல பேசுறவங்க நோயாளி. கேக்குறவங்க டாக்டர்."

மனிதர்களிடம் இந்த விதி ஒரு பொருட்டே இல்லை. உட்காரும் முன்பே ஆரம்பித்துவிடுவார்கள். தொட்டி அப்படியில்லை. அமலோற்பவம் அதன் காலடியில் நாற்காலி போட்டு, லேசாகத் தலையை ஆட்டியபடி காத்திருந்தாள். தொட்டியும் காத்திருந்தது.

"என்ன டாக்டரம்மா, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று காலிக் குடத்தோடு போன பேச்சியம்மா கேட்டாள். அமலோற்பவம் வாயைத் திறக்கவில்லை.

வெயில் ஏறியது. தொட்டியின் நிழல் மெல்ல நகர்ந்து வந்து அவள் மடியில் விழுந்தது. வேண்டுமென்றே செய்தது போலிருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் எதிரில் யாரும் இவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை.

"எனக்குத் தூக்கமே வர்றதில்லை," என்றாள்.

"ம்ம்," என்றது தொட்டி. "சொல்லுங்க."

விதிப்படி தொட்டி டாக்டராகிவிட்டது. புதிதாகச் சேர்பவர்கள் மனிதர்களிடம்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பதால் அதை அமலோற்பவத்தின் அறைக்கு அனுப்பினார்கள். கதவை மட்டும் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டியிருந்தது. காலியான இடத்தில் அமலோற்பவம் ஏறி நின்று தண்ணீரைப் பொறுப்பேற்றுக்கொண்டாள்.

"எப்படியோ கட்டடப் பிரிவுக்கு வந்துட்டீங்க," என்று ஜமால்தீன் கீழிருந்து வாழ்த்தினார்.

இப்போது நாலாவது வார்டில் தண்ணீருக்குக் குறையில்லை. குழாயைத் திறந்தால் முதலில் ஒன்றும் வராது, அது காத்திருக்கும். பேச்சியம்மா குடத்தை வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தால் 'ம்ம்' என்று கொஞ்சம் காற்று, அப்புறம் தண்ணீர். துணி துவைக்கப் பொய் சொன்னால்கூடப் போதும். குடிக்கிற தண்ணீருக்கு மட்டும் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.