சுதீர் வாசல்வரை வந்திருக்கிறான்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரவுட்டரிலிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஹாலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். என் போன் டிங் என்றது: 'சுதீர் போன் வீட்டு வைஃபையில் இணைந்தது.'

சுதீர் என் அண்ணன். போன தீபாவளிக்கு முன்னாலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. ஊரின் மறுகோடியில், எலெக்ட்ரானிக் சிட்டியில் இருப்பவனுடைய போன் மல்லேஸ்வரத்தில் எங்கள் வைஃபையைப் பிடிக்கிறது என்றால், ஆசாமி கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் நிற்கிறான் என்று அர்த்தம். காலிங் பெல் மட்டும் அடிக்கவில்லை.

எழுந்து போய்க் கதவைத் திறந்திருக்கலாம். நான் என்ன செய்தேன்? புது ஃபைல் ஒன்றைத் திறந்து கதை எழுத ஆரம்பித்துவிட்டேன். அவன் இன்னும் நிற்கிறான். அதனால் நீங்கள் கொஞ்சம் வேகமாகப் படியுங்கள்.

2

முதல் தொடக்கம்: "அந்த நாளில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான்…" வேண்டாம். எல்லார் வீட்டிலும் ஒன்றுதான்.

இரண்டாவது: "நீல நிற ஒயர் ஒன்று…" இது பரவாயில்லை.

நான் காலேஜில் சேர்ந்தபோது அப்பா எனக்கென்று இரண்டாவது கம்ப்யூட்டர் வாங்கினார். இன்டர்நெட் இருந்தது சுதீர் அறையில். அங்கிருந்து என் அறைக்குப் பின்கட்டு வழியாக நீல ஒயர் இழுத்தான். அது தொங்கிய இடத்தில் அம்மா கைக்குட்டைகளைக் காயப்போட்டாள்.

"அம்மா, அது கொடி இல்லம்மா, நெட்வொர்க்!" என்று கத்துவான்.

"இருக்கட்டுமே, கர்சீப் என்ன அவ்வளவு கனமா?" என்பாள் அம்மா.

ஒயருக்கு அவன்தான் ராஜா. நான் பாட்டு டவுன்லோட் செய்தால் ஸ்பீடைக் குறைப்பான். நான் போய் அவன் பிளக்கைப் பிடுங்குவேன். நான் யாரோடு சாட் செய்கிறேன் என்று சாப்பிடும்போது அப்பா எதிரில் ஜாடை பேசுவான்.* நான் அவன் ஃபோல்டருக்குள் புகுந்து, ரெஸ்யூமேயில் 'பொழுதுபோக்கு: தங்கையைத் தொந்தரவு செய்தல்' என்று சேர்த்தேன். அந்த மடையன் பார்க்காமல் அப்படியே அனுப்பிவிட்டான். இன்டர்வியூவில் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். வேலையும் கிடைத்தது. அடடா, என்ன நாட்கள்! அந்தச் சண்டைகளுக்கு இப்போது ஏங்குகிறேன்.

* 'ஒயர் வழியாகப் பார்க்கவில்லை, கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன்' என்று பிற்பாடு சொன்னான். நான் இன்னும் நம்பவில்லை.

3

இங்கே ஒரு சிக்கல். கதைக்கு வில்லன் வேண்டும். சுதீர் சரிப்பட்டு வரமாட்டேன் என்கிறான். அவனை மோசமாக எழுதலாம் என்று பார்த்தால், என் செமஸ்டர் ரிசல்ட் வந்த நாள் குறுக்கே வருகிறது. பக்கம் திறக்கவே இல்லை, நான் அழுதுகொண்டிருந்தேன். தன் ஒயரைத் தானே கழற்றிவிட்டு வந்து, "ஃபுல் ஸ்பீடும் உனக்குத்தான், பாரு" என்றான். நான் பார்த்து முடிக்கும்வரை வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான்.

[இந்தப் பத்தியை எடுத்துவிட வேண்டும். கதை அவன் பக்கம் சாய்கிறது.]

சரி, நடந்ததைச் சொல்கிறேன். போன வருஷம் அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். சுதீர் பதறி ஓடி வந்தான். போகும்போது ஹாலில் புத்தக அலமாரி மேல் ஒரு குட்டி கேமராவை வைத்துவிட்டுப் போனான். அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். அம்மா என்னிடம் சொல்ல மறந்துபோனாள். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள், ஹால்தான் என் ஆபீஸ். ஒரு நாள் அவனிடமிருந்து மெசேஜ்: "மணி நாலாறது. இன்னும் சாப்பிடலையாடி?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எத்தனை நாளாகப் பார்க்கிறான்? நான் தனியாக உட்கார்ந்து அழுததையுமா? உடனே போன் போட்டேன்.

"அப்பாவைப் பாக்கத்தான்டி வெச்சேன்," என்றான்.

"அப்ப என்னை ஏன்டா பாத்தே?"

"நீ நடுவுல உக்காந்திருக்கே, நான் என்ன பண்ணட்டும்?"

"இனிமே இந்த ஆத்துப் பக்கமே வராதே!"

கேமராவைப் பிடுங்கி எறிந்தேன். வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றினேன். அவனும் ரோஷக்காரன், வரவில்லை. "சுதீர் ரொம்ப பிஸியோ?" என்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா, இப்போது அதைக் கேட்பதையும் விட்டுவிட்டார்.

போன வாரம் பழைய பாஸ்வேர்டையே திரும்பப் போட்டேன். புதுசு அம்மாவுக்கு ஞாபகம் இருப்பதில்லை என்று காரணம் சொன்னேன். பொய். அவன் போனில் பழையதுதான் இன்னும் இருக்கும்; இவன் என்றைக்காவது இந்தத் தெருப் பக்கம் வந்தால் எனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் போட்டேன்.

4

முடிவுகள்.

அ) அவன் பெல் அடிக்கிறான், நான் திறக்கிறேன், எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். அசல் சீரியல். வேண்டாம்.

ஆ) 'சுதீர் போன் துண்டிக்கப்பட்டது.' இலக்கியமாக இருக்கும், பத்திரிகையில் போடுவார்கள். ஆனால் எழுதிய கையோடு போனை எடுத்து, அவன் இன்னும் இணைப்பில் இருக்கிறானா என்று பார்த்துக்கொள்கிறேன்.

இ) நானே போய்த் திறக்கிறேன். அவன் கேட்பான்: "நான் வந்தது உனக்கு எப்படித் தெரியும்?"

இங்கேதான் கை நிற்கிறது. என்ன பதில் சொல்வேன்? உனக்குத் தெரியாமல் உன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றா? நீ வாசலில் தயங்கித் தயங்கி நிற்பதை உள்ளே சௌகரியமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன் என்றா? எதற்காக அவனை வரவேண்டாம் என்றேனோ, அதைத்தான் இந்த நிமிஷம் நான் செய்துகொண்டிருக்கிறேன்.

அம்மா சமையலறையிலிருந்து வந்து என் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தாள். (எங்கள் வீட்டில் பிரைவசியின் லட்சணம் இதுதான்.)

"சுதீர்னு போட்டிருக்கே, என்னடி எழுதறே?"

"கதைம்மா."

"அவனை மோசமா எழுதாதே. வாசல்ல நிக்கறான்னு இருக்கே. சும்மா உள்ள கூப்பிடேன்."

"கதையிலயா?"

"எதுலயாவது கூப்பிடுடி."

5

எழுந்துவிட்டேன். நின்றுகொண்டேதான் டைப் செய்கிறேன். எப்படித் தெரியும் என்று கேட்டால், "நானும் பாத்துண்டுதான்டா இருந்தேன்" என்று சொல்லிவிடப் போகிறேன். அதைக் கேட்டு அவன் சிரிப்பானா, கத்துவானா, பைக்கைக் கிளப்பிக்கொண்டு போயே விடுவானா, எனக்குத் தெரியாது. லேப்டாப்பை மூடாமல் வைத்துவிட்டுப் போகிறேன். நீங்கள் உட்கார்ந்து எந்த முடிவை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். கதை எப்படியோ போகட்டும், எனக்கு என் அண்ணன் வேண்டும். டேய், போயிடாதே, இதோ வந்