மணியம் பந்தல் சேவைக்கு வந்த 412 இரங்கல்கள்

1.

இந்தக் கதை ஒரு தவறிலிருந்து பிறந்தது. தவறு என்னுடையது. முதல் வரைவில் அதை ரூபினி என்ற பெண்ணின் தலையில் கட்டியிருந்தேன். அவளுக்கு ஒரு பழைய காரும் மூக்குக் கண்ணாடியும் கொடுத்து, கடைசியில் பழியையும் கொடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் மனசு கேட்கவில்லை. ரூபினி என்று யாரும் கிடையாது. (பெயர் நன்றாக இருப்பதால் எனக்கே வைத்துக்கொள்கிறேன். இனி யாராவது ரூபினி என்று கூப்பிட்டால் அது என்னைத்தான்.)

ஜொகூரில் கூலாய் என்ற ஊரில் ஏழு கடைகளின் முகநூல் பக்கங்களை நான் பார்த்துக்கொள்கிறேன். கதை எழுதிப் பிழைக்க முடியாது என்று தெரிந்த பிறகு பிடித்த வேலை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் உள்ளதைக் கொஞ்சம் அழகாகச் சொல்ல வேண்டும், இரண்டையும் யாரும் முழுதாகப் படிப்பதில்லை. முகநூலில் மட்டும் அடியில் தொலைபேசி எண் போட வேண்டும்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: "மணியம் இறந்து மூன்றாம் நாள் காலை தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்."

அடித்துவிட்டேன். வாசகர் கைதட்டுவார், மணியம் என்னை அடிப்பார்.

இரண்டாம் முயற்சி: "செம்பனைத் தோட்டங்களின் மேல் மாலைச் சூரியன் மெல்ல —"

வேண்டாம். எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஜொகூரில் கதை எழுத உட்கார்ந்தால் அது பாட்டுக்கு வந்து நிற்கிறது.

மூன்றாவது, உள்ளது உள்ளபடி: மணியத்துக்கு அறுபத்து நான்கு வயது. கல்யாணம், காதுகுத்து, சாவு எதுவானாலும் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறார். இங்கே பந்தலுக்குக் கெமா என்று பெயர், அதனால் ஊருக்கு அவர் கெமா மணியம். போன மாசித் திருவிழாவில் கோயில் நிர்வாகம் அவருக்கு ரோஜா மாலை போட்டு மரியாதை செய்தது. அந்தப் படத்தை எனக்கு அனுப்பி, "ரூபினி, இத பேஜ்ல போடும்மா, கிளாஸா இருக்கணும்," என்றார்.

நான் கிளாஸாகத்தான் செய்தேன். பின்னால் ஒருவர் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார், அவரை வெட்டி எடுத்தேன். பக்கத்தில் எரிந்த குத்துவிளக்கை விட்டுவைத்தேன். சட்டையின் பச்சை கண்ணை உறுத்தியதால் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினேன். முப்பது வருடச் சேவை தெரியட்டும் என்று அடியில் 1994 – 2024 என்று போட்டேன்.

மாலை, விளக்கு, கறுப்பு வெள்ளை, இரண்டு ஆண்டுகள், நடுவில் ஒரு கோடு. நீங்கள் தமிழர் என்றால் இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

3.

அந்தப் பக்கத்தில் அதுவரை எந்தப் பதிவுக்கும் ஒன்பது விருப்பத்துக்கு மேல் வந்ததில்லை. (ஒன்பதில் ஒன்று நான், ஒன்று மணியம்.) இதற்கு மட்டும் மறுநாள் மதியத்துக்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இரங்கல் எழுதியிருந்தார்கள். "ஓம் சாந்தி." "நல்ல மனுஷன், நாற்காலி எண்ணிக்கையில் ஏமாற்றியதே இல்லை." முப்பது வயதில் எப்படி அறுபது வயது முகம் வந்தது என்று ஒருவர்கூடக் கணக்குப் பார்க்கவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுத ஆரம்பித்து இருபது வருடத்தில் என் படைப்பு எதையும் நானூறு பேர் படித்து அழுததில்லை.

மணியத்தின் மனைவி வெள்ளையம்மாதான் வழி சொன்னார். "என் நெத்தியில பொட்டு இருக்குல்ல? அத ஒரு படம் புடிச்சுப் போட்டுடு. எல்லாருக்கும் வெளங்கிடும்."

அதற்குள் முதல் இழப்பு வந்துவிட்டது. செனாயிலிருந்து திலகம் என்ற அம்மா, மகள் கல்யாணத்துக்கு எடுத்திருந்த பந்தலை வேண்டாம் என்றார்.

"நான்தாம்மா பேசறேன், மணியம். நல்லா இருக்கேன்."

"தெரியுதுங்க. நீங்க நல்லா இருக்கீங்க. ஆனா மாப்பிள்ளை வீட்டுல படத்தப் பாத்துட்டாங்களே. தீட்டு வீட்டு கெமா வேணாம்கறாங்க."

"தீட்டே இல்லம்மா."

"எனக்குத் தெரியுதுங்க. அவங்களுக்குத் தெரியாதே. அப்பறம் பாத்துக்கலாம் லா."

மணியம் தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் மறுப்புப் பதிவை எழுதத் தொடங்கினேன்: "மணியம் நலம். உயிரோடு இருப்பதை முன்னிட்டுப் பத்து விழுக்காடு தள்ளுபடி —"

4.

அந்த வரியை முடிப்பதற்குள் முகநூல் பக்கத்தின் செய்திப் பெட்டிக்கு ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் பெயர் செல்லப்பன். ஊர் சிம்பாங் ரெங்கம்.

"நான் மணியத்தோட தம்பி. எனக்கு யாரும் சொல்லல. சொல்லாதது சரிதான். அண்ணிக்கிட்ட பேச எனக்கு மூஞ்சி இல்ல. பதினாறாம் நாள் காரியத்துக்கு வர்றேன். எங்கண்ணன மன்னிக்காம இருந்துட்டேன்."

நான் சத்தமாகப் படித்தேன். மணியம் திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன். பிறகு கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு தானே படித்தார்.

"அந்தப் படத்த அழிக்காதம்மா," என்றார்.

"அங்கிள், எல்லாரும் நீங்க செத்துட்டீங்கன்னு நெனைக்கறாங்க."

"நெனைக்கட்டும். பதினோரு வருஷத்துல அவன் எழுதுன மொத கடுதாசி இது."

5.

இங்கே பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். இதில்தான் எனக்கு மணியத்தின் மேல் சந்தேகம்.

பதினோரு வருடத்துக்கு முன் மணியத்திடம் இரண்டு பெரிய பந்தல்கள் இருந்தன. வெள்ளை, கல்யாணத்துக்கு. நீலக் கோடு போட்டது, சாவுக்கு. அப்படி எங்கும் எழுதிவைக்கவில்லை, ஊருக்கே தெரியும். செல்லப்பன் மகள் கல்யாணத்தன்று வெள்ளையை வெளியாள் ஒருவர் முன்பே எடுத்திருந்தார். வாக்குக் கொடுத்தாயிற்று என்று மணியம் தம்பி வீட்டு வாசலில் நீலத்தைக் கட்டிவிட்டார். நாதஸ்வரம் இன்னும் வந்து சேராத நேரம். மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் பந்தலைப் பார்த்து நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, மணப்பெண்ணின் அப்பாவிடமே தணிந்த குரலில், "எப்ப எடுக்கறாங்க?" என்று கேட்டார்.

அன்றோடு பேச்சு நின்றது.*

*(உறவினர் யாராவது அண்ணன் உயிரோடு இருப்பதைச் செல்லப்பனிடம் சொல்லியிருக்க மாட்டார்களா என்று கேட்பீர்கள். முதலிரண்டு வருடம் இவர் செய்தியை அவரிடமும் அவர் செய்தியை இவரிடமும் கொண்டுபோனவர்கள் இரண்டு பக்கமும் வாங்கிக்கட்டிக்கொண்டார்கள். பிறகு விட்டுவிட்டார்கள்.)

வாக்கு என்பது உண்மைக் காரணமா? வெளியாள் கோபித்துக்கொள்வார், தம்பி பொறுத்துக்கொள்வான் என்று நினைத்தாரா? கேட்டேன். மணியம் நாற்காலிகளை அடுக்கப் போய்விட்டார். அவரைக் கொஞ்சம் நல்லவராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. கெட்டவராகவும் எழுதிப் பார்த்தேன். வெள்ளையம்மா படித்துவிட்டு, "ரெண்டும் அவருதான்," என்றார்.

6.

முடிவுகள்.

அ) தம்பி வருகிறார். அண்ணன் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருக்கிறார். தம்பி மயங்கி விழுகிறார். (மலிவு.)

ஆ) நான் உண்மையைப் பதிவிடுகிறேன். தம்பி அவமானப்பட்டு, எழுதியதை அழித்துவிட்டு, இன்னொரு பதினோரு வருடம் —

இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

இ) நிஜத்தில் நடந்தது. சனிக்கிழமை காலை, கடையில் நானும் மணியமும். தொலைபேசி அடித்தது. அவருக்குக் காது மந்தம், எப்போதும் ஒலிபெருக்கியில்தான் பேசுவார்.

"ஹலோ, மணியம் கெமா." முப்பது வருடப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அந்தப் பக்கம் ஒரு செருமல்.

"யாரு பேசறது?"

குரலை அடையாளம் கண்டு மணியத்தின் முகம் வெளுத்தது. சட்டென்று மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். "வேலையாளு சார். வசந்தன்."

"நான் அவரு தம்பி. ரெங்கத்துலேர்ந்து."

"சொல்லுங்க சார்."

"காரியத்துக்கு வெள்ளக் கெமாதான் போடணும். நீலத்தப் போட்றாதீங்க. எங்கண்ணனுக்கு நீலம் வேணாம்."

"போட மாட்டோம் சார்." குரல் உடைந்தது. ஆனால் தொழில் விடவில்லை. "நாற்காலி எத்தன சார்?"

"தெரியல லா. அவருக்கு யாரெல்லாம் பழக்கம்னே எனக்குத் தெரியாது."

"முந்நூறு போடறேன் சார். நெறைய பேரு வருவாங்க."

"வசந்தன்."

"சார்."

"நீங்க கடைசி வரைக்கும் கூடவே இருந்தீங்களா?"

"இருந்தேன் சார்."

"என்னப் பத்தி எதாச்சும் சொன்னாரா?"

7.

இந்த இடத்தில் ஒரு வாரமாக உட்கார்ந்திருக்கிறேன். எழுதி அடித்த பதில்கள்:

"இல்ல சார்." அதுதான் உண்மை. பதினோரு வருடத்தில் தம்பி பெயரை அவர் வாயில் நான் கேட்டதில்லை.

"தெனமும் சொல்வாரு சார்." இதுவும் உண்மையாக இருக்கலாம், எனக்குத் தெரியாது.

"செல்லா, நான்தான்டா." நீங்கள் எதிர்பார்ப்பது இதைத்தான். நானும்தான்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. ஒரே வீட்டில் வளர்ந்த குரல். மூக்கைப் பிடித்தால் தம்பிக்குத் தெரியாமல் போய்விடுமா? "ஹலோ" என்றவுடனே தெரிந்துவிட்டதென்றால், அத்தனையும் தெரிந்துகொண்டு அவர் நாற்காலிக் கணக்குவரை பொறுமையாகப் பேசினார் என்றால், அந்தக் கடைசிக் கேள்வியை அவர் வசந்தனிடம் கேட்கவில்லை.

அடுத்து மணியம் சொன்னதை நான் கேட்டேன், பக்கத்தில்தானே இருந்தேன். எழுத மாட்டேன். அவர் பெயரில் போதுமான அளவு எழுதிக் கெடுத்துவிட்டேன். நீங்களே ஒரு பதில் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். மணியம் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார், அவர் மூச்சு விடுவது அந்தப் பக்கம் கேட்கிறது.