பத்திரத்தில் இல்லாத பெயர்

ஜெர்மனியில் உட்கார்ந்தபடியே கோயமுத்தூரில் வீடு வாங்கலாம், எல்லாமே ஆன்லைன் என்று பில்டர் விளம்பரம் செய்திருந்தார். பொய்யில்லை. ஃப்ளாட்டைப் பார்த்தது கம்ப்யூட்டரில், வில்லங்கச் சான்றிதழ் வந்தது ஈமெயிலில். கடைசியில் பத்திரத்தின் நகலையும் வெப்சைட்டில் ஏற்றி, படித்துப் பார்த்து 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். மூன்று தடவை படித்தேன். வாங்குபவர்கள்: ஒன்று, நிரஞ்சனா, அதாவது நான். இரண்டு, என் கணவன் தீபக். அழுத்தினேன்.

என் பெயர் அதில் இருந்தே ஆக வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றதற்குக் காரணம் அம்மா. சிங்காநல்லூரில் ஒரு போர்ஷனில் தனியாக இருக்கிறாள். வீட்டுக்காரர் தை பிறப்பதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். புது ஃப்ளாட்டில் வந்து இரு என்றதற்கு, "மாப்பிள்ளை வீட்ல போய் உக்கார முடியுமா? உன் பேர் இருந்தாச் சொல்லு, வர்றேன்" என்றாள்.

பத்திரம் கம்ப்யூட்டரில் தயாரானாலும், பதிவு செய்ய ஓர் ஆள் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்த்தானே ஆக வேண்டும்? அதற்குப் பவர் பத்திரம் கொடுக்க நானும் தீபக்கும், நாங்கள் இருக்கும் எர்லாங்கனிலிருந்து மியூனிக்கிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போனோம். என் தங்கை லக்ஷ்மிப்ரியா அந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிறாள். பேங்கில் வேலை, பத்திரம் படிக்கத் தெரிந்தவள். ஆனால் பெண் வீட்டாருக்குப் பவர் கொடுத்தால் மாமனார் என்ன நினைப்பார்? யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. மரியாதையாக இருக்கட்டும் என்று நானேதான் மாமனார் கல்யாணசுந்தரத்தின் பெயரை எழுதினேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

2008 நவம்பரில் ஒரு புதன்கிழமை பதிவு முடிந்தது. வெள்ளிக்கிழமை மதியம், ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில், பதிவான பத்திரத்தின் ஸ்கேன் வெப்சைட்டில் வந்திருந்தது. ஆசையாகத் திறந்தேன். வாங்குபவர்: கல்யாணசுந்தரம் மகன் தீபக். அவ்வளவுதான். ஒன்றுமில்லை, இரண்டுமில்லை. பதினாறு பக்கத்தையும் புரட்டினேன். சாட்சிக் கையெழுத்துப் போட என் கொழுந்தனுக்குக்கூட இடம் இருந்தது. எனக்கு இல்லை.

தீபக் அதே கம்பெனியில் வேறு கட்டடத்தில் வேலை செய்கிறான். கோட்டைக்கூட மாட்டாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். வாசலுக்கு வரச் சொல்லிக் கேட்டேன். அவன் முகத்தில் துளி ஆச்சரியம் இல்லை. அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"நானே சொல்லலாம்னு இருந்தேன் நிரு. அப்பா ரிஜிஸ்டர் ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணார். உன் பான் கார்டுல உங்கப்பா பேரு, பாஸ்போர்ட்டுல என் பேரு. அதுக்கு ஒரு அஃபிடவிட் வேணும்னாங்களாம். அதுக்குள்ள நல்ல நேரம் முடிஞ்சிடும்னார். சரி, இப்போதைக்கு என் பேர்ல மட்டும் எழுதிடுங்கன்னேன்."

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

"குளிச்சுட்டு இருந்த."

கேள்வி கோயமுத்தூரிலிருந்து கடல் தாண்டி எங்கள் சமையலறைவரை வந்திருக்கிறது. அங்கிருந்து குளியலறைக் கதவுக்குப் பத்தடி. அந்தப் பத்தடியை அவனால் தாண்ட முடியவில்லை. நான் அழுத்திய சம்மதத்தை, ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் மேஜை போட்டிருந்த பத்திர எழுத்தரிடம் சொல்லி ஒரே வார்த்தையில் அழித்துவிட்டார்கள். நல்ல நேரமாம். யாருக்கு நல்ல நேரம்?

"என்னோடதுன்னா உன்னோடதுதானே நிரு?"

"அப்படின்னா என் பேர்ல மட்டும் எழுதியிருக்கலாமே?"

"அது... அப்பா ஒத்துக்க மாட்டார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் போட உட்கார்ந்தேன். தீபக் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னான். "உன் பேரும் இருக்குன்னு சொல்லிடேன். அத்தை என்ன, பத்திரத்தை வாங்கிப் பார்க்கவா போறாங்க?"

பார்க்க மாட்டாள். நான் சொன்னால் அப்படியே நம்பி, பாத்திரம் பண்டத்தை மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவாள். பிறகு என்றைக்காவது என் மாமனார், பேச்சோடு பேச்சாக, இது என் பையன் வீடு என்பார். அதைக் கேட்டுக்கொண்டு அவள் கையில் காபி டம்ளரோடு நிற்க வேண்டும். அம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"சரி விடு கண்ணு. இருகூர்ல ஒரு ரூம் இருக்குதுன்னாங்க, நான் பார்த்துக்கறேன். மாப்பிள்ளைகிட்டச் சண்டை போடாத" என்றாள்.

போனை வைத்துவிட்டுச் சண்டை போட்டேன்.

தீபக் பாதி வீட்டை என் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவிட்டால் போதும் என்று லக்ஷ்மிப்ரியா ஒரு வக்கீலைக் கேட்டுச் சொன்னாள். அவன் சார்பில் பதிவு செய்ய அவளுக்கு ஒரு பவர் வேண்டும், அவ்வளவுதான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து எல்லாப் படிவங்களையும் நிரப்பிப் பிரின்ட் எடுத்து அவன் முன்னால் வைத்தேன். இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வேறு வழியில் வந்தான்.

"அடுத்த மாசம் பார்க்கலாமே. மலிவான குரூப் டிக்கெட் ஒன்பது மணிக்கு மேலதான் செல்லும். நாம மியூனிக் போறதுக்குள்ள தூதரகத்துல கவுன்ட்டர் மூடிடுவான்."

மலிவு டிக்கெட் இல்லாமல் ஊர் விட்டு ஊர் போயறியாத நாங்கள், திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முழுக் கட்டண எக்ஸ்பிரஸில் உட்கார்ந்திருந்தோம். டிக்கெட்டை நான்தான் எடுத்தேன்.

வண்டி கிளம்பிய ஐந்தாவது நிமிடம் தீபக்கின் செல்போன் அடித்தது. இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அப்பா உன்கிட்டப் பேசணுமாம் என்று என்னிடம் நீட்டினான். எங்கே போகிறோம் என்பதை நேற்றே சொல்லியிருக்கிறான்.

"ஏங்கண்ணு, நம்ம குடும்பத்துக்குள்ள எதுக்கு இதெல்லாம்?" என்றார் மாமனார். குரலில் கோபமே இல்லை, வருத்தம்தான். "உங்கம்மா எப்ப வேணும்னாலும் வந்து இருக்கட்டும், நான் வேண்டாம்னு சொல்லுவனா? என்மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

இந்தக் கேள்விக்கு மருமகள்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். ஐயோ, அப்படியெல்லாம் இல்லைங்க மாமா என்று சொல்லி, அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பிவிட வேண்டும். ஐந்து வருஷமாக அப்படித்தான் பேசியிருக்கிறேன்.

"இல்லைங்க மாமா" என்றேன். "நம்பிக்கை இல்லைங்க."

அவர் போனை வைத்துவிட்டார். தீபக் என்னைப் பார்த்த பார்வையில், நான் அவன் அப்பாவைக் கைநீட்டி அடித்துவிட்டதைப் போல ஓர் அதிர்ச்சி. செல்போனை அவன் மடியில் வைத்தேன்.

"கையெழுத்துப் போட முடியாதுன்னா நியூரம்பெர்க்ல இறங்கிக்கோ. நான் போய் அம்மாவுக்கு இருகூர் ரூமைப் பேசி முடிக்கறேன். ஆனா அதுக்கப்புறம் உன் வீட்டுக்கு நானும் வரமாட்டேன்."

நியூரம்பெர்க்கில் வண்டி ஆறு நிமிடம் நின்றது. தீபக் இரண்டு தடவை எழுந்து இரண்டு தடவை உட்கார்ந்தான். கதவுகள் மூடின. அவன் பையைத் திறந்து பவர் பத்திரத்தை எடுத்து முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினான். எனக்குக் கோபம் அப்போதும் தீரவில்லை.