நீலமாகாத தங்கக் கரைசல்

தங்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் கரைசல் சிவப்பாக இருக்கும். உப்பைப் போட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீலமாகிவிடும். உப்புக்கும் அசையாமல் சிவப்பாகவே நிற்கவைக்கும் புது மூலக்கூறு ஒன்றை எங்கள் ஆய்வகம் கண்டுபிடித்திருந்தது. ஒரே ஒரு தடவை, என் கையால். கட்டுரை வந்தது, என் ஆய்வு வழிகாட்டியான சாருக்குப் பொன்னாடைகள் வந்தன. அதற்குப் பிறகு நான் தலைகீழாக நின்றும் நீலம்தான்.

"மறுபடி ஒரு தடவ செஞ்சு காட்டும்மா, தீசிஸ்ல கையெழுத்து போட்டுடறேன்" என்பார் சார். வருஷக்கணக்காக இதே பாட்டு. கையெழுத்து இல்லாமல் பட்டம் இல்லை. பட்டம் இல்லாமல், என் கணவர் இருக்கும் ஊரில் பெயின்ட் கம்பெனி தருவதாகச் சொன்ன வேலையும் இல்லை.

"இந்த மாசம் தாண்டினா வேற ஆள எடுத்துடுவாங்களாம். பாப்பா வேற அம்மா எப்ப வருவான்னு தெனமும் கேக்கறா, நான் என்னன்னு சொல்றது?" என்றார் அவர் போனில். எரிச்சலில் போனை வைத்துவிட்டேன்.

குடுவைகளை, தங்கத்தையே கரைக்கும் அமிலமான ராஜ திராவகத்தில் கழுவுவதுதான் எங்கள் வழக்கம். அன்று அது தீர்ந்துபோயிருந்தது. வெறும் சோப்புப் போட்டு, அரைகுறையாக அலசி, வேலையை ஆரம்பித்தேன். உப்புப் போட்டேன். சிவப்பு அப்படியே நின்றது.

குதிக்கத் தோன்றியது. ஆனால் பாழாய்ப்போன மூளை சும்மா இருக்கவில்லை. சுத்தமான குடுவையில் மூலக்கூறே சேர்க்காமல் ஒரு சொட்டு சோப்பை மட்டும் விட்டுப் பார்த்தேன். அதுவும் சிவப்பு. நிறத்தை அளக்கும் நிறமாலைமானியில் வைத்தேன். உப்புக்கு முன்னும் பின்னும் ஒரே வளைகோடு. எல்லாரும் கொண்டாடிய மூலக்கூறு ஒரு புல்லைக்கூடப் பிடுங்கவில்லை. எல்லாம் சோப்பின் வேலை. முதல் தடவையும் திராவகம் இல்லாமல் சோப்பில் கழுவி, குடுவையைச் சரியாக அலசியிருக்க மாட்டேன்.

இரண்டு குடுவைகளையும் ஏந்திக்கொண்டு சாரின் அறைக்கு ஓடினேன். மேஜைமேல் என் தீசிஸ் விரிந்திருந்தது. கையெழுத்துப் பக்கம். அவர் கையில் திறந்த பேனா.

அதைப் பார்த்தபிறகும் சொல்லித் தொலைத்தேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"எனக்குத் தெரியும்மா. கட்டுரை வந்த கொஞ்ச நாள்லயே தெரியும். புது ப்ராஜெக்ட், இத்தன பசங்களோட சம்பளம், எல்லாம் அந்த மூலக்கூற நம்பித்தான் ஓடுது."

"அப்ப என்னை எதுக்கு சார் மறுபடி மறுபடி செய்யச் சொன்னீங்க?"

"நீ கண்டுபிடிச்சுட்டு வெளிய போய் சொல்லிடக் கூடாதேன்னு பயம். கண்ணு முன்னாடியே இருக்கட்டும்னு வெச்சிருந்தேன். இவ்வளவு நாளா உனக்குப் புரியல, இனிமே புரியாதுன்னுதான் இன்னிக்கு பேனாவ எடுத்தேன்."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார்" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்காமல் அப்படிச் சொன்னது எனக்கே அருவருப்பாக இருந்தது.

அவர் என் முகத்தை நிதானமாகப் பார்த்தார். நம்பவில்லை. பேனாவை மூடி, தீசிஸை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

"குடுவைய நல்லா கழுவிட்டு மறுபடி ஆரம்பிம்மா" என்றார்.