பி ஷிப்ட்டின் கடைசிப் பாட்டு

இங்கிலாந்திலிருந்து எனக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு ஜோடி டிரம்ஸ் குச்சி. அதில் ஆங்கிலத்தில் என் பெயரும் திருமண வாழ்த்தும் பொறித்திருந்தது. கூடவே ஒரு கடிதம்: புகுந்த வீட்டார் மனம் மாறினால் வந்து வாசி. எனக்கு முப்பத்தொரு வயது. கல்யாணப் பேச்சையே எடுக்காதே என்று அம்மாவிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தவள் நான்.

நானும் ஆஸ்டினும் ஓசூரில் ஏழு வருடம் 'பி ஷிப்ட்' என்று ஒரு பேண்ட் நடத்தினோம். ஆள் இரண்டே பேர். அவன் கிட்டாரும் பாட்டும்; நான் டிரம்ஸ். சர்ச் பாடகர் குழுவில் தொடங்கிய பழக்கம், அதனால் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். மனசுக்குள் இப்போது வேறு மாதிரி கூப்பிடுகிறேன்.

எனக்கு சிப்காட்டில் பிரஸ் ஷாப்பில் வேலை. தகட்டை அடிக்கும் அந்த மெஷின் ஒரு அடி முந்தாது, பிந்தாது. தாளத்தை அதனிடம்தான் கற்றேன். ஆஸ்டின் அப்படி இல்லை. தனியாக நீட்டி வாசிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் அரை அடி பிந்துவான். பெரிய பேண்ட் என்றால் வேறு யாராவது மறைப்பார்கள். இரண்டு பேர் பேண்டில் அது என் தலையில்தான் விழும். யாருக்கும் தெரியாமல் நானும் பிந்தி, அவன் வந்து சேரும்வரை நிற்பேன். பெங்களூர்ப் பத்திரிகை ஒன்று அவனுடைய அவசரமில்லாத விரல்களைப் புகழ்ந்தது. நான் சிரித்துக்கொண்டேன். அப்போது அவன்மேல் அவ்வளவு பாசம்.

பெங்களூரில்தான் நைஜல் எங்களைப் பார்த்தார். அவருடையதும் இரண்டு பேர் பேண்ட்; இங்கிலாந்தில் இருபது வருடமாக ப்ளூஸ் ராக் வாசிப்பவர்கள். டிரம்ஸ் அவர். தங்கள் சுற்றுப்பயணத்தில் முதலில் மேடையேற எங்களைக் கூப்பிட்டார்கள். ஆனால் ஆஸ்டின் ராயக்கோட்டை ரோட்டு டீக்கடையில் தலையைக் குனிந்துகொண்டு, கிட்டாருக்கு மட்டும்தான் அழைப்பு என்றான். நம்பினேன். ஏர்போர்ட் வரை போய்க் கையசைத்துவிட்டும் வந்தேன். அங்கே போய் எனக்குக் கல்யாணமாகிவிட்டது, புருஷன் வீட்டில் விடவில்லை என்று சொல்லியிருக்கிறான். நைஜல் அனுப்பிய அந்தப் பார்சலைப் பிரித்த அன்றைக்குத்தான் எனக்கு அது தெரிந்தது. ஆஸ்டினுக்குத் தெரியாமல் குச்சிகளை எடுத்து வைத்தேன்.

போன மாதம் அவனே தேடி வந்தான். லண்டன் கம்பெனி ஒன்று பி ஷிப்ட்டின் ஆல்பம் போடப்போகிறதாம். அதற்கு முன் சொந்த ஊரில், பழைய ஜோடியாக, ஒரு கச்சேரி பார்க்க வேண்டுமாம். நைஜலும் வருகிறார், அவரிடம் அதிகம் பேச்சு வைத்துக்கொள்ளாதே என்றான்.

"நீ வந்து உக்காந்தா போதும் லிபியா. என் வாழ்க்கையே இதுலதான் இருக்குது."

சரிண்ணா என்றேன்.

சிப்காட்டில் மூடிக்கிடந்த ஒரு ஷெட்டில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கச்சேரி. எங்கள் பிரஸ் ஷாப் ஆட்கள் திரண்டு வந்திருந்தார்கள். கம்பெனிக்காரர்கள் முன்வரிசையில். நான் அந்தக் கல்யாணக் குச்சிகளோடு உட்கார்ந்தேன்.

கடைசிப் பாட்டில் அவன் தனியாக வாசிக்கும் இடம் வந்தது. அரை அடி பிந்தினான். நான் நிற்கவில்லை. அடுத்த சுற்றில் முழு அடி பிந்தினான். மூன்றாவது சுற்றில் எங்கே இருக்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. என்னைப் பிடிக்க ஓடினான், விரல் தடுமாறியது. திரும்பித் திரும்பிப் பார்த்தான். ஏழு வருடத்தில் மேடையில் அவன் என்னைத் திரும்பிப் பார்த்தது அன்றுதான். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? அவன் கிட்டாரை நிறுத்திவிட்டான். நான் ஒரு அடிகூடத் தப்பாமல் பாட்டை முடித்தேன். பிரஸ் ஷாப் ஆட்கள் விசிலடித்தார்கள். கம்பெனிக்காரர்கள் எழுந்து வெளியே போனார்கள்.

மேடைக்குப் பின்னால் ஆஸ்டின் முகம் வெளுத்து வந்தான். நைஜலும் பக்கத்திலேயே நின்றார்.

"ஏன் எனக்காக நிக்கல?"

குச்சிகளை அவன் கையில் வைத்தேன். பொறித்திருந்ததை அவன் படித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"எனக்குத்தான் கல்யாணம் ஆயிருச்சேண்ணா. புருஷன் வீட்டுல விடல."