பதினேழு குழல்கள்

அன்று பகல் பதினொரு மணிக்குத் தேவாலயத்தில் இருந்தவர்கள் நான்கே பேர். அறை அளவுள்ள ஆர்கனின் வயிற்றுக்குள், காற்றில் ஒலிக்கும் குழல்களுக்கு நடுவே, தம்பி. வெளியே, வாசிக்கும் கட்டைகளுக்கு முன்னால் அவன் மகள். பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்த, கோயில் மணி அடிக்கிறவர். சாப்பாட்டுக் கூடையோடு அப்போதுதான் உள்ளே வந்த அக்கா. தானும் இருந்ததாக ஐந்தாவது ஆள் யாராவது சொன்னால், அவர் இல்லை.

ஒரே ஒரு சுரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டிருந்தது.

“எவ்வளவு நேரமா இதே சத்தம்?” என்றாள் அக்கா.

“அப்பா இன்னும் சொல்லல அத்தை.” மகள் விரலை எடுக்கவில்லை.

அவர்கள் வேலை அப்படி. மகள் கட்டையை அழுத்திப் பிடிக்க, உள்ளே அப்பா அதற்குரிய குழலின் தகர வளையத்தைக் கத்தியால் மெல்லத் தட்டிச் சுருதி சேர்ப்பான். ‘அடுத்தது’ என்று குரல் வரும்வரை விரல் எழக் கூடாது. முரண்டு பிடிக்கிற குழல் கால் மணி நேரம்கூட எடுக்கும். அதனால்தான் பத்து நிமிடமாகியும் மகளுக்குச் சந்தேகம் எதுவும் தோன்றவில்லை.

மணி அடிக்கிறவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தவர் அக்காவிடம் பேசவில்லை. நேராக மகளிடம் போனார்.

“விரல எடும்மா,” என்றார்.

தம்பி பெரிய மரக்குழலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கத்தி கையிலேயே இருந்தது. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

மதியம் வீட்டு முன்னறையில் உடலைக் கிடத்தினார்கள். அக்கா தலைமாட்டில் நின்று வருகிறவர்களுக்குப் பதில் சொன்னாள். முப்பது வருடம் தலைமையாசிரியையாக இருந்தவள், முதுகு வளையாது. கோலை விழுங்கினவள் என்று தம்பி கேலி செய்வான். அவன் தொழிலை வெளியே சொல்லும்போது அவள் ‘பொறியாளர்’ என்பாள். மகளின் கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான் போடச் சொன்னாள். “குழாய் ரிப்பேர்னு போடுக்கா, தண்ணி அடைச்சாலும் நம்மளக் கூப்பிடுவாங்க,” என்றான் அவன். அவள் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

நூற்று நாற்பது வருட ஆர்கன் அது. எலி கடித்த துருத்தித் தோலும் நசுங்கிய ஈயக் குழல்களுமாகக் கிடந்ததை ஆறு வருடத்தில் ஒவ்வொரு குழலாகக் கழற்றி, நிமிர்த்தி, கழுவி, இருந்த இடத்திலேயே வைத்தான். ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு குழல்கள். ஒன்றைக்கூடப் புதிதாக வாங்கவில்லை. அதை அக்கா யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. ஆனால் எண்ணிக்கை அவளுக்கு மனப்பாடம்.

மூன்று மணிக்குப் பாதிரியார் வந்தார். ஜெபித்த பிறகு, பக்குவமாகத்தான் பேச்செடுத்தார். மறுநாள் பத்து மணி அடக்க ஆராதனைக்குச் சின்ன மின் கீபோர்டு போதும். ஆர்கனில் பதினேழு குழல்களுக்குச் சுருதி சேர்ப்பது பாக்கி. பெரிய நகரத்துக் கம்பெனி ஒன்று வந்து முடித்து, தன் பெயரில் பலகையும் வைத்துத் தரும் என்றார்.

“ஆறு வருஷம் இவன் செஞ்சது, பலகை அவங்களதா?” என்றாள் அக்கா. “நாளைக்குப் பத்து மணிக்கு அது வாசிக்கும் ஃபாதர்.”

அவர் போனதும் மகள் தாழ்ந்த குரலில் சொன்னாள். “என்னால முடியும் அத்தை. ஆனா தனியா முடியாது. கட்டையப் பிடிக்க ஆள் வேணும்.”

“எனக்கு விரல் இல்லையா?”

உடலைக் கிடத்திவிட்டு எங்கே போகிறார்கள் என்று உறவுக்காரர் ஒருவர் முணுமுணுத்தார். அப்படிப்பட்ட பேச்சுக்கு இடம் கொடுக்காத வீடு அது. இடம் கொடுக்க விடாதவளும் அக்காதான். அவள் தயங்கியதைத் தம்பி மனைவி பார்த்தாள்.

“கூட்டிட்டுப் போங்க அண்ணி,” என்றாள். “அவர் பக்கத்துல நான் இருக்கேன்.”

நாலு மணிக்கு அக்கா கட்டைகளுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எந்தக் கட்டை என்பதை மகள் சுண்ணக்கட்டியால் குறித்துக் கொடுத்துவிட்டு, அப்பாவின் கத்தியோடு உள்ளே போனாள். காலையில் நின்ற இடத்திலிருந்தே ஆரம்பித்தார்கள்.

சுரம் எழுந்தது. உள்ளே கத்தி தட்டும் ஒலி. பிறகு அதுவும் இல்லை. விரல் மரத்தது, அக்கா மற்றக் கையால் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டாள். உள்ளேயிருந்து மூச்சுச் சத்தம்கூட இல்லை. கூப்பிட வாய் திறந்து, மூடிக்கொண்டாள்.

“அத்தை.”

“ம்.”

“குழல்ல கைய வெச்சுட்டேன். சூடேறிடுச்சு, சுருதி ஏமாத்தும். அப்பா வெறுங்கையால தொடவே மாட்டாரு.”

“என்ன செய்யணும்?”

“ஆறட்டும்.”

இருவரும் காத்திருந்தார்கள். அக்கா கட்டையை விடவில்லை. விடச் சொல்லவில்லையே.

கடைசியில் உள்ளேயிருந்து குரல் வந்தது. “அடுத்தது.”

ஆறரை மணிக்குப் பதினேழும் முடிந்தன.

மறுநாள் பாடகர் குழுத் தலைவர் ஆர்கனை வாசித்தார். முதல் சுரத்தில் பெஞ்சுகள் அதிர்ந்தன. பின்வரிசைக்காரர்கள் திரும்பி அண்ணாந்து பார்த்தார்கள். பாதிரியார் தம் முறை வந்ததையும் மறந்து நின்றார்.

முந்தின நாள் மாலை நகரத்துக் கம்பெனியிலிருந்து ஒரு நிபுணர் காரில் வந்து வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். காரும் வரவில்லை, நிபுணரும் வரவில்லை. முடித்தது தம்பியின் மகள்.