மரச்சீவலில் கிடந்த தீவனம்

மூன்று மாதம் கொழுப்புத் தீவனம் தின்று ஈரல் வெளுத்துப்போன எலிகளில் பாதிக்கு மட்டும் அதே தீவனத்தில் புது மருந்தைக் கலந்து கொடுத்தாள் ஆராய்ச்சிக்காரி. ஐந்தாவது வாரம் சிலதை அறுத்துப் பார்த்தபோது, மருந்து தின்றவற்றின் ஈரலில் கொழுப்பு பாதியாகக் குறைந்திருந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று சாயங்காலமே தம்பியிடம் அளந்துவிட்டாள். லாரி ஓட்டுகிற தம்பிக்கும் ஈரலில் கொழுப்பு. டாக்டர் சொன்ன பத்தியத்தை மூக்கால் அழுதுகொண்டே கடைப்பிடித்து வந்தான்.

“இன்னும் கொஞ்ச நாள்தாண்டா. மருந்தே வந்துடும்.”

அது போதாதா? மறுநாளே பத்தியத்துக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டான். “என் அக்கா மருந்து கண்டுபிடிச்சிட்டா” என்று லாரி ஷெட் முழுக்கத் தம்பட்டம் வேறு. பொரித்ததும் இனிப்புமாய் அவன் வெளுத்துக்கட்டுவதை அவள் பார்த்தாள். கண்டித்திருக்கலாம். ஆனால் பெருமை யாரைத்தான் விட்டது?

அடுத்த மாதம், கூண்டு கழுவுகிற அம்மாள் வந்து நின்றாள். “மேடம், மருந்துக் கூண்டுல மட்டும் அடியில விரிச்ச மரச்சீவல் ஏன் இவ்ளோ கனமா இருக்கு? தினமும் நான்தானே அள்ளிக் கொட்டுறேன்.”

சல்லடையில் சலித்துப் பார்த்தார்கள். சீவலுக்கடியில் அத்தனையும் தீவனத் தூள். மருந்தின் கசப்பு பிடிக்காமல் எலிகள் கடித்துக் கடித்துத் துப்பியிருந்தன. தீவனக் கூடையில் குறைந்ததையெல்லாம் தின்றதாக இவள் எழுதிவைத்திருந்தாள்.

அரைகுறையாய் நம்புவது அவள் குணமில்லை. மருந்தே இல்லாத எலிகளுக்கும், மருந்து எலிகள் உண்மையில் தின்ற அளவே தீவனம் கொடுத்து ஐந்து வாரம் காத்திருந்தாள். அவற்றின் ஈரலும் அதே அளவு தேறியது. மருந்து ஒன்றும் கிழிக்கவில்லை. பட்டினிதான் வேலை செய்திருக்கிறது.

சீவலெல்லாம் குப்பைக்குப் போய்விட்டது, கேட்பாரில்லை. ஆனாலும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. தலைமை விஞ்ஞானியிடம் சொன்னாள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அவரிடம் சொன்னது அவளுக்குப் பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை.

வீட்டில் தம்பி புது ஸ்கேன் ரிப்போர்ட்டோடு உட்கார்ந்திருந்தான். ஈரல் இறுக ஆரம்பித்திருக்கிறதாம்.

“பரவாயில்லக்கா. உன் மருந்து எப்ப வருது?”

“மருந்து இல்லடா. கசப்புன்னு எலிங்க தீவனத்தைத் துப்பிடுச்சுங்க. சரியா சாப்பிடாததாலதான் கொழுப்பு குறைஞ்சுது.”

விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“அப்போ நான் பத்தியத்தை விட்டது?”

“என்னாலதான். உன்னைத் தடுத்திருக்கணும்.”

அவன் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் கோபப்படவில்லை.

“நீ சொன்னா நான் நம்பிடுவேன்னு உனக்குத் தெரியாதாக்கா?”

தெரியும். அவன் அப்படி நம்புவது பிடித்துத்தான் சொன்னாள்.